எடுத்தவனுக்கே போல்ட்

நெருப்பெரிச்சல் ரோட்டில் ஆத்தப்பனின் லேத்துப் பட்டறைக்கு வழி கேட்டு யாரும் நின்றதில்லை. வாசலுக்கு மேலே, பெயர்ப் பலகைக்கும் மேலே, ஒரு காந்தம் தொங்கும். இடித்த சினிமாக் கொட்டகை ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், தோசைக்கல் அகலம். அதன் மேல் பலாப்பழத்து முள்ளைப் போல உடைந்த போல்ட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கம்பெனியின் மிசினுக்குள் தலை ஒடிந்து, ஸ்பேனர் பிடிக்க இடமில்லாமல், அடித்தும் இடித்தும் அசையாமல் கிடந்து, கடைசியில் ஆத்தப்பன் கையால் வெளியே வந்தது.

பாகத்தைக் கொண்டுவந்தவர் பாகத்தைக் கொண்டுபோகலாம். போல்ட் மட்டும் பட்டறையை விட்டுப் போகாது. "எடுத்தவனுக்கே போல்ட்டுங்க" என்பார். ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது. சட்டம் போட்டவரும் அவர்தான், தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான். ஆயுத பூசையன்று காந்தத்தை இறக்கி, லேத்துக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் போல்ட்டுகளுக்குத்தான் சந்தனம்.

மனுசன் சும்மா மேலே வரவில்லை. மடத்துக்குளம் பக்கத்துப் பட்டிக்காட்டில் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, உடுமலைப்பேட்டைத் தேங்காய் லாரியின் மேல் படுத்துத் திருப்பூருக்கு வந்தவர். லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கினார். பெருக்கிக்கொண்டே பார்த்தார். பார்த்துக்கொண்டே கற்றார். யாரும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. தன் தலையில் தானே கைவைத்து ஆசீர்வாதம் செய்துகொண்ட ஆள். இப்போது சொந்த லேத்து, சொந்த இடம், மாடி வீடு. கரண்ட் கட் ஊரையே ஆட்டிவைத்த அந்த இரண்டாயிரத்து எட்டில், அந்த ரோட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரே பட்டறைக்காரரும் அவர்தான். இவ்வளவும் ஒரு மனுசனுக்குப் போதும். ஆத்தப்பனுக்கும் போதுமாகத்தான் இருந்தது, எதிர்ச்சாரியில் மூக்கையா கடை போடும்வரை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன் மூக்கையா. அவள் தையல் மிசினில் உட்கார்ந்தாள். இவன் சிறிது காலம் பேல் தூக்கிவிட்டு, ஒரு தகரக் கொட்டகை பிடித்து வெல்டிங் கடை வைத்தான். இரும்புக் கேட், ஜன்னல், மொபட்டுக் கேரியர் என்று இருந்தவரைக்கும் ஆத்தப்பனின் கண்ணில் அவன் படவே இல்லை. ஒருநாள் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி மாட்டினான்: உடைந்த போல்ட் உடனே எடுக்கப்படும்.

அந்த 'உடனே'தான் ஆத்தப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஏனென்றால் ஆத்தப்பனின் வழியில் உடனே என்பது கிடையாது. ஒடிந்த போல்ட்டின் நட்டநடுவில் கூர்ப் பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளி வைப்பார். அங்கே ட்ரில் விட்டுப் போல்ட்டின் அடிவரை துளைப்பார். துளைக்குள் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைப்பார். மறுநாள்தான் இடப்பக்கம் முறுக்கிய திருகுக் கம்பியை உள்ளே இறக்குவார். ஈசி அவுட் என்று அதற்குப் பெயர். இடது பக்கம் திருகத் திருக அது போல்ட்டைக் கவ்வி, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல வெளியே கொண்டுவந்துவிடும். "போல்ட்டு எடுக்கறதும் பொண்ணுக் கேக்கறதும் ஒண்ணுங்க. அவசரப்பட்டா ஒடிஞ்சு போயிரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மூக்கையா அப்படியல்ல. ஒடிந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைப்பான். நட்டின் ஓட்டை வழியே வெல்டிங் குச்சியை விட்டுப் போல்ட்டோடு பற்றவைப்பான். சூட்டிலேயே துரு விட்டுப்போகும். சற்று ஆறியதும் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருகினால், கதை முடிந்தது. வந்தவர் வாங்கிய டீயைக் குடித்து முடிப்பதற்குள் பாகம் கையில் இருக்கும்.

ஆத்தப்பன் லேத்துக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். எந்தக் கம்பெனி வண்டி அங்கே நிற்கிறது, எந்த பிட்டர் இறங்குகிறான், எவன் சிரித்துக்கொண்டே போகிறான், ஒன்றும் தப்பாது. பொறாமைக்காரன் கண்ணைப் போல ஒரு பூதக்கண்ணாடி உலகத்தில் செய்யப்படவில்லை. மூக்கையா எத்தனை பருமனுக்கு எந்த நட்டுப் போடுகிறான், எவ்வளவு ஆறவிடுகிறான் என்று மூக்கையாவுக்கே தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். நேரில் பார்த்தால் மட்டும், "வாங்க மூக்கையா, நல்லா இருக்கறீங்களா, வேலையெல்லாம் பரவால்லீங்களா" என்பார். கொங்கு நாட்டுக்காரனுக்கு வயிறு எரிந்தால் மரியாதை ஒரு படி கூடும்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், ஆத்தப்பனின் அக்காள் மகன் சுரேந்தர், அந்த ரோட்டு ஆட்டோக்காரன் சுப்பையனின் வண்டியில் வந்து இறங்கினான். புதிதாக நிட்டிங் கம்பெனி வைத்திருந்த பையன். கையில் சாக்கில் சுற்றிய கனமான ஒரு வளையம். இறங்கிய இடம் மூக்கையா கடை வாசல்.

ஆத்தப்பனுக்குக் கால் தானாக நடந்தது. ரோட்டின் நடுவில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங் மாப்ள, காந்தம் கண்ணுக்குப் படலீங்களாட்ட இருக்குது?"

சுரேந்தருக்கு முகம் செத்துவிட்டது. "இல்லீங் மாமா. நீங்க ஒரு ராத்திரி ஊறோணும்பீங்க. எனக்கு இன்னிக்கே மிசின் ஓடோணுமுங்க. மொத ஆர்டருங்க. ஊசி உருளை உக்கார்ற வளையம் இது. போல்ட்டு உள்ள ஒடிஞ்சுபோச்சு. இது கெட்டுப்போச்சுன்னா வெளிநாட்டுல இருந்துதான் வரோணும். அதுவரைக்கும் மிசினுக்குக் கற்பூரம் காட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானுங்க."

"அங்க எவ்வளவு நேரம் ஆகுமாம்?"

"டீ குடிக்கற நேரம்ங்கறாங்க."

"அப்படீன்னா நீங்க போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று வளையத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார் ஆத்தப்பன். மூக்கையா வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்குள் எதையோ மென்றான்.

பஞ்ச் விழுந்தது. நட்டநடு. ட்ரில் இறங்கியது. மயிரிழை விலகவில்லை. இரும்புச் சுருள் வெற்றிலைக் கொடி மாதிரி சுருண்டு வந்தது. அதைப் பார்த்தபோது ஆத்தப்பனுக்கே தன் கையை முத்தமிடலாம் போலிருந்தது. அடிவரை துளைத்துவிட்டு, பழக்கத்தில் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். எதிரே பார்த்தார். மூக்கையா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் சுரேந்தர் டம்ளரை வாங்கிவிட்டான்.

இரண்டு சொட்டு விட்டதோடு குப்பியை வைத்துவிட்டு ஈசி அவுட்டை இறக்கினார். திருகினார். வரவில்லை. கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகி நீளமாக்கினார். கூடாது என்று அவரே ஊருக்கெல்லாம் சொன்னது அது. மூக்கையாவின் பார்வை முதுகில் ஊசியாக ஏறியது. இன்னும் ஒரு அழுத்து.

டிக்.

சின்னச் சத்தம். முறுக்கு ஒடிவது போல. கைப்பிடி லேசாகிவிட்டது. ஈசி அவுட் போல்ட்டுக்குள் ஒடிந்து நின்றது.

போல்ட் வெறும் இரும்பு. அதைத் துளைக்கலாம். ஈசி அவுட் கண்ணாடி மாதிரிக் கடினம். எந்த ட்ரில்லும் அதன் மேல் ஏறாது, வழுக்கி, போல்ட் முறுகி உட்காரும் வளையத்தின் மரையைத்தான் தின்னும். மரை போனால் வளையம் போச்சு. வளையம் போனால் அக்காள் மகனின் மிசின் போச்சு. "சொந்த மாமன் கெடுத்தான்" என்ற பேச்சு மட்டும் எங்கேயும் போகாது. அது சீர் செனத்தி, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாப் பந்தியிலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

சுரேந்தர் திரும்பி வந்தபோது வளையத்தின் மேல் பனியன் வேஸ்ட் துணி மூடியிருந்தது.

"ஊறுதுங்க மாப்ள. அஞ்சு மணிக்கு வாங்க."

"நிச்சயமுங்களா மாமா? இல்லாட்டி அங்கயே..."

"ஆத்தப்பன் அஞ்சுன்னா அஞ்சுதானுங்க."

அவன் போனதும் புது ட்ரில் ஒன்றை மாட்டி மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அது கிறீச்சிட்டு மூக்கு மழுங்கியது. அதோடு நிறுத்தினார். அதற்குமேல் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வழி ஒன்று இருப்பதும் தெரியும். மேலே ஒரு நட்டை வைத்து, போல்ட்டையும் ஈசி அவுட்டையும் சேர்த்துப் பற்றவைத்து, சூட்டோடு திருக வேண்டும். அந்தக் கை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கத்தில் இல்லை.

மதியச் சோறு கொண்டுவந்த வள்ளியாத்தாள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். வேஸ்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். முப்பது வருசம் பட்டறைக்காரன் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏனுங்க, அந்தத் தம்பிகிட்டயே குடுத்துப் பாக்கலாமுங்களே?"

"எந்தத் தம்பி?"

"எந்தத் தம்பின்னு தெரியாமத்தான் அங்கயே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்களாக்கும்? ரசத்துக்குப் பதிலா மோரைப் பெசஞ்சுட்டிருக்கறீங்க. இலையப் பாருங்க."

சாப்பிட்டுக் கை கழுவியவர் ஆட்டோக்காரச் சுப்பையனைக் கூப்பிட்டார். வளையத்தைச் சாக்கில் சுற்றி ஏற்றி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த ரோட்டோடு போய், மேட்டில் திரும்பி, பின்பக்கமாக வந்து மூக்கையா கடையில் இறக்க வேண்டும். பெருமாநல்லூர்க் கம்பெனியிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும்.

சுப்பையன் எதிர்க்கடையைப் பார்த்தான், பட்டறையைப் பார்த்தான். "ஏனுங்ணா, இந்த ரோட்டைத் தாண்டறதுக்கு ஊரைச் சுத்தோணுமுங்களா?"

"சுத்தோணும். போங்க."

ஆட்டோ சுற்றி வந்து இறக்கியது. ஆத்தப்பன் லேத்துக்குப் பின்னால் குனிந்து ஏதோ தேடுவது போல நின்றார். மூக்கையா சாக்கைப் பிரித்தான். வளையத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். ஒடிந்த இடத்தை விரலால் தடவினான். பிறகு தலையைத் தூக்கி நேராக ஆத்தப்பனின் பட்டறையைப் பார்த்தான். பல் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த ரோடு முழுக்க மிசின் சத்தம் அணைந்து, கொஞ்ச நேரத்துக்குக் காக்கைகள் மட்டும் கேட்டன. அந்த வாரம் மதியம் போனால் பொழுது சாய்ந்துதான் வரும். மூக்கையா வளையத்தை மறுபடி சாக்கில் வைத்து, ஒரு கையில் அதையும் மறுகையில் வயரோடு சின்ன வெல்டிங் செட்டையும் தூக்கிக்கொண்டு நேராக ரோட்டைத் தாண்டி வந்தான்.

"அண்ணே, பெருமாநல்லூர்ல இருந்து ஒரு சாமான் வந்திருக்கு. அவசரமாம். உங்க ஜெனரேட்டர்ல ஒரு லைன் கொடுத்தீங்கன்னா இங்கிட்டே முடிச்சுக்கிருவேன்."

"அதுக்கென்னங்க. உள்ள வாங்க. உக்காருங்க."

மூக்கையா உட்காரவில்லை. வளையத்தை மேசையில் வைத்து, குனிந்து பார்த்தபடியே பேசினான். "இதப் பாருங்கண்ணே. ஈசி அவுட்டு ஒடிஞ்சு நிக்கிது, ஆனா சுத்தி எங்கிட்டுப் பாத்தாலும் போல்ட்டு ஒரே கனம். பெருமாநல்லூர்ல இம்புட்டு நடு சென்டரா ஓட்டை போடுற ஆளு யாருண்ணே இருக்கா?"

ஆத்தப்பனுக்குக் காது சூடேறியது. பிடிபட்டதில் பாதிச் சூடு. புகழ்ந்ததில் மீதி.

"தெரியலீங்க. நல்ல கைக்காரராட்ட இருக்குது."

"நல்ல கைதாண்ணே. என்னமோ இன்னைக்கு அவசரப்பட்ட கை."

ஜெனரேட்டரின் ஓரத்தில் இருவரும் நின்றார்கள். மூக்கையா வயரை மாட்டாமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "எடுத்துருவேன். கூலி வேணாம். போல்ட்டு எனக்கு. எடுத்தவனுக்கே போல்ட்டுன்னு இந்த ரோட்டுல ஒரு சட்டம் இருக்காமில்ல?"

ஆத்தப்பன் காந்தத்தை நிமிர்ந்து பார்த்தார். தன் வயிற்றுக்குள் ஈசி அவுட் ஒடிந்து நிற்கிற போல்ட் அது. அதை எவன் கையில் எடுத்துப் பார்த்தாலும், ஒருத்தன் தொடங்கித் தோற்றான், இன்னொருத்தன் முடித்தான் என்று அதுவே சொல்லும். கொடுக்க மாட்டேன் என்றால் சுரேந்தரின் மிசின். கொடுத்தால் தன் பெயர்.

"எதுக்குங்க உங்களுக்கு அது? பழைய இரும்பு."

"உங்களுக்கு எதுக்கண்ணே அம்புட்டுப் பழைய இரும்பு?" மூக்கையாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "காலையில கடையத் தொறந்தா மொதல்ல என் கண்ணுல படுறது உங்க காந்தந்தான். சாமி படத்தக் கூட அப்புறந்தான் பாக்குறேன். நானும் எடுக்குறேன். கஸ்டமரு போல்ட்டையும் சேத்து வாங்கிட்டுப் போயிர்றாய்ங்க. கேக்க எனக்கு வாய் வரல. ஒத்த போல்ட்டு கடையில இல்ல. எம்புட்டு நாளு வயிறு எரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?"

ஆத்தப்பன் வாழ்நாளில் எத்தனையோ நல்ல சொல் கேட்டிருக்கிறார். கம்பெனி முதலாளிகள் தோளில் தட்டியிருக்கிறார்கள். ஒன்றுகூட, சித்திரை வெயிலில் மோர் குடித்தாற்போல் இப்படி இறங்கியதில்லை. இந்தப் பக்கம் நின்று அவர் எரிந்த நாளெல்லாம் அந்தப் பக்கமும் எரிந்திருக்கிறது.

"சட்டம்னா சட்டந்தானுங்க" என்று சொல்லி ஜெனரேட்டரை அவரே ஓட்டிவிட்டார்.

வளையத்தைச் சுற்றி ஈர வேஸ்ட்டைக் கட்டினார்கள். மூக்கையா நட்டை வைத்தான். ஆத்தப்பன் நினைத்துக்கொண்டிருந்த அதே அளவு நட்டு. குச்சி உரசியது. நீல வெளிச்சம் பட்டறைச் சுவரெல்லாம் குதித்தது. நட்டின் ஓட்டைக்குள் இரும்பு உருகி நிறைந்து, ஆரஞ்சாகி, சிவந்து, மங்கியது. மூக்கையா ஸ்பேனரை எடுத்தான்.

"பொறுங்க" என்றார் ஆத்தப்பன். எண்ணெய்க் குப்பியோடு கை முன்னால் வந்துவிட்டது. "இந்தச் சூட்டுல ரெண்டு சொட்டு உட்டா உள்ள இழுத்துக்கும். கொஞ்சம் இருக்கட்டுங்க."

"உடனே எடுக்கப்படும்னுல்ல எழுதியிருக்கேன்."

"அது உங்க கடையிலீங்க. இது என்ற பட்டறை."

மூக்கையா பொறுத்தான். எண்ணெய் புகைந்து உள்ளே இறங்கியது. பிறகு ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினான். ஒரு முனகல். இன்னொரு ஆட்டு. போல்ட் அசைந்து, பழுப்பு நிறத் துருவைக் கக்கிக்கொண்டு, சுற்றுச் சுற்றாக ஏறி வந்தது. உள்ளே மரை ஒரு கீறலில்லாமல் மின்னியது.

மூக்கையா இடுக்கியில் போல்ட்டைத் திருப்பினான். மேலே அவனுடைய நட்டு, அதில் பொங்கி உறைந்த வெல்டிங். அடிமுனையில், ஆத்தப்பனே அதுவரை பார்த்திராத இடத்தில், ட்ரில் வெளிவந்த ஓட்டை. அளவுகோல் வைத்துப் போட்டாற்போல் நட்டநடு. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பார்த்தார்கள்.

சுரேந்தர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து மலர்ந்தான். மூக்கையா மூலையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டீங்களா மாமா. போல்ட்டு எங்கீங்க? காந்தத்துல ஒட்டலீங்களா?"

மூக்கையாவின் கை வயரோடு நின்றது. அவன் சட்டைப் பை கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 'அது தூளாகப் போச்சுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூக்கையா வாயைத் திறக்க மாட்டான் என்றும் ஆத்தப்பனுக்குத் தோன்றியது. ஆனால் தூளாகப் போனது என்றால் அந்த ஓட்டையும் தூளாகப் போகும். ஆயுசில் போட்ட ஓட்டைகளிலேயே அதுதான் நேரானது.

"போல்ட்டு மூக்கையாகிட்ட இருக்குதுங்க மாப்ள. எடுத்தவனுக்கே போல்ட்டு." ஒரு மூச்சு விட்டார். "ஓட்டை என்னுதுங்க. வாங்கி அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. எப்படி இருக்குதுன்னு பாருங்க."

சுரேந்தர் பார்க்கவில்லை. வளையத்தைத் தோளில் ஏற்றியாயிற்று. "எனக்கு மிசின் ஓடுனாச் சரிங்க மாமா" என்று ஆட்டோவுக்கு ஓடினான். பட்டறைக்குள் நின்ற இருவருக்கும் ஒரே அளவில் முகம் சுருங்கியது.

ஆயுத பூசையன்று மூக்கையா கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுக் காந்தம் தொங்கியது. அதில் ஒற்றைப் போல்ட், சந்தனம் குங்குமத்தோடு. நட்டு ரோட்டைப் பார்த்தபடி, ஓட்டை காந்தத்துப் பக்கம் மறைந்திருந்தது. பொரி வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள் என்று ஆத்தப்பன் போனார். பொரியை வாங்கினார். தேங்காய்ச் சில்லை வாயில் போட்டார். மூக்கையாவின் பெண்டாட்டி சுண்டல் எடுக்க உள்ளே போன நேரத்தில் போல்ட்டைப் பிடுங்கித் திருப்பி ஒட்டினார். இப்போது ஓட்டை ரோட்டைப் பார்த்தது.

மறுநாள் காலையில் நட்டு தெரிந்தது.

அன்றிலிருந்து அது நடக்கிறது. மூக்கையா திருப்புவான், ஆத்தப்பன் திருப்புவார். பேச்சு ஒன்றும் கிடையாது. "சௌக்கியமுங்களா" என்பதோடு சரி. நட்டுப் பக்கம் தேய்ந்து பளபளக்கிறது, ஓட்டைப் பக்கமும் பளபளக்கிறது. இந்தப் பக்கத்துக் காந்தத்தில் கொத்தாக ஒட்டியிருப்பவற்றை ஆத்தப்பன் இப்போதெல்லாம் அவ்வளவாக நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒருநாள் அவர் கடை திறந்த கையோடு எதிரே நட்டு தெரிவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை லேத்தின் மேல் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி ரோட்டில் இறங்கினார். சுப்பையன் ஆட்டோவை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறிக்குங்ணா. மேட்டைச் சுத்திப் போயி எறக்கி உட்டர்றேன்."

ஆத்தப்பன் அவனைப் பார்க்காமலே ரோட்டை நேராகத் தாண்டினார்.